மலைச் சாலையை அகலப்படுத்தும்போது சரிவுக்கு என்ன நேர்கிறது?

கேள்வி இதுதான்: இமயமலையில் மழைக்கால நிலச்சரிவு புதிதல்ல, சாலையே இல்லாத பள்ளத்தாக்குகளிலும் மலை சரிகிறது. அப்படியிருக்க, உத்தராகண்டில் நான்கு புனிதத் தலங்களுக்குச் செல்லும் சார் தாம் சாலைகளை அகலப்படுத்தியதுதான் நிலச்சரிவுகளுக்குக் காரணம் என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி?

மழையா, சாலைக்காக மலையில் போட்ட வெட்டா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வடிவிலேயே இந்த விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. நிலச்சரிவைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் மழைதான். ஆனால் எவ்வளவு மழைக்கு அந்த மலைமுகம் இறங்கும் என்பதை முடிவு செய்வதில் வெட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யும் பெருமழையைத் தாங்கி நின்ற ஒரு சரிவு, அடிப்பகுதி வெட்டப்பட்ட பின் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழைக்கே இறங்குமானால், அந்த நாளின் மழையளவை மட்டும் காட்டி அதை இயற்கைப் பேரிடர் என்று பதிவு செய்வது பாதி உண்மைதான்.

ஒரு சரிவு நிற்பது இரண்டு விசைகளுக்கு இடையிலான கணக்கு. மண்ணையும் பாறையையும் கீழே இழுப்பது அவற்றின் எடை. பிடித்து நிறுத்துவது உராய்வும், துகள்களுக்கு இடையிலான பிணைப்பும், வேர்களின் பிடிப்பும், கீழ்ப்பகுதி மேற்பகுதிக்குக் கொடுக்கும் முட்டும். பிடிக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் கிடைப்பதைப் பொறியாளர்கள் பாதுகாப்புக் காரணி என்பார்கள். அது ஒன்றுக்குக் கீழே போனால் மலை இறங்கும். இமயமலை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. அதன் ஆறுகள் அடியை அரித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் அங்குள்ள பல சரிவுகளில் இந்த எண் இயல்பாகவே ஒன்றைவிடச் சற்றே கூடுதலாக இருக்கிறது. கையிருப்பு குறைவாக உள்ள அந்த இடத்தில், சாலைக்காக நாம் வெட்டி எடுப்பது, மேலே இருப்பதைத் தாங்கும் அடிப்பகுதியை.

அகலம் கூடக்கூட வெட்டு எவ்வளவு வளர்கிறது என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மலைமுகம் 45 பாகை (டிகிரி) சாய்வில் இருப்பதாகவும், சாலை முழுவதும் மலையைக் குடைந்து அமைவதாகவும், வெட்டுமுகம் 75 பாகைச் செங்குத்தில் விடப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் அகலத்துக்கு வெட்டின் உயரம் சுமார் 8 மீட்டர். 12 மீட்டர் அகலத்துக்குச் சுமார் 16 மீட்டர். உயரம் இரட்டிக்கிறது என்றால் வெட்டியெடுக்கும் பொருளின் அளவு நான்கு மடங்காகிறது: முதல் நிலையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25,000 கன மீட்டர், இரண்டாவதில் ஏறத்தாழ 98,000 கன மீட்டர். மலைமுகம் 60 பாகையாக இருந்தால் அதே 12 மீட்டர் அகலத்துக்கு வெட்டு 39 மீட்டர் உயரம் வரை போகும். பதிமூன்று மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு புதுச் சுவரை மலையில் உண்டாக்கிவிட்டு, அது மழைக்காலங்களைத் தாங்கி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அப்படியானால் வெட்டுமுகத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக வெட்டலாமே என்று கேட்கலாம். சமவெளியிலும் சிறு குன்றுகளிலும் அதுதான் சரியான வழி. செங்குத்து மலையில் அது நம்மை வேறொரு சிக்கலில் மாட்டிவிடும். 35 பாகை மலைமுகத்தில் 12 மீட்டர் சாலைக்கு 75 பாகையில் வெட்டினால் உயரம் 10 மீட்டர்தான். பாதுகாப்பு கருதி 45 பாகையில் வெட்டினால் அது 28 மீட்டராகிறது, ஏறத்தாழ 40 மீட்டர் நீளத்துக்கு மரமும் மேல்மண்ணும் உரிக்கப்படுகின்றன. மலையே 45 பாகையில் இருந்தாலோ, 45 பாகை வெட்டு மலைமுகத்துக்கு இணையாகப் போய்க்கொண்டே இருக்கும், எங்கும் அதைச் சந்திக்காது. செங்குத்தாக வெட்டினால் நிற்காது, சாய்வாக வெட்டினால் முடியாது என்ற இந்த இறுக்கத்திலிருந்து தப்பிக்க உள்ள வழி குறைவாக வெட்டுவதுதான். அகலத்தைக் குறைக்கலாம், அல்லது அகலத்தின் ஒரு பகுதியை மலைப்பக்கம் எடுக்காமல் பள்ளத்துப்பக்கம் தூண்கள் மீது கட்டிப் பெறலாம். இரண்டாவது வழி செலவு மிக்கது. ஆகவே நடைமுறையில் பொக்லைன் இயந்திரம் மலைப்பக்கமே திரும்புகிறது.

பாறையாக இருந்தால் கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. பாறைச் சரிவின் நடத்தையை அதன் கடினத்தைவிட அதிலுள்ள பிளவுகளின் திசையே தீர்மானிக்கிறது. அடுக்குத் தளமோ விரிசலோ சாலையை நோக்கிச் சாய்ந்திருக்கும்போது, அந்தத் தளத்தின் அடி மண்ணுக்குள் புதைந்திருக்கும் வரை மேலே உள்ள பாளம் நழுவ இடமில்லை. வெட்டு அந்தத் தளத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பாளத்தின் முன்னால் வெற்றிடம் உண்டாகிவிடுகிறது. பிறகு விரிசலில் இறங்கும் தண்ணீர் போதும். இரண்டு விரிசல்கள் குறுக்காக வெட்டிக்கொண்டால் ஆப்பு வடிவில் ஒரு துண்டு விடுபட்டு வரும். ஒரே பள்ளத்தாக்கின் ஒரு கரையில் அடுக்குகள் மலைக்குள் சாய்ந்தும் எதிர்க்கரையில் ஆற்றை நோக்கிச் சாய்ந்தும் இருக்கக்கூடும் என்பதால், எந்தக் கரையில் சாலை போகிறது என்பது அதன் அகலத்தைவிட முக்கியமாகிவிடும் இடங்கள் உண்டு. உத்தராகண்டின் ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் இடையே பத்ரிநாத் சாலையில் உள்ள கலியாசௌர் சரிவை எடுத்துக்கொள்ளலாம். குவார்ட்சைட் என்ற கடினப் பாறையும் எளிதில் நொறுங்கும் ஷேல் பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்ட அந்த இடம் 1920களிலிருந்தே தொல்லை தருவதாக அறியப்பட்டது. 1969 செப்டம்பரில் பெரிய அளவில் இறங்கியது. இன்றைய திட்டத்துக்கு வெகுகாலம் முந்தைய சரிவு அது. ஆனால் பலவீனம் இவ்வளவு காலமாகத் தெரிந்த இடங்கள் வழியாகவே அதே கரையில் சாலையை அகலப்படுத்துகிறோம் என்பதும் உண்மை.

இதைவிட ஏமாற்றக்கூடியவை பழைய சரிவுக் குவியல்கள். நூற்றாண்டுகளுக்கு முன் மேலிருந்து இறங்கிய மண்ணும் உருண்டைக் கற்களும் மலையடியில் படிந்து, மெல்லிய சாய்வான, பார்க்க அழகான மேடைகளாக நிற்கின்றன. ஊரும் வயலும் சாலையும் விரும்பி உட்காருவது அங்கேதான், ஏனென்றால் மலையில் வேறு சமதளம் இல்லை. பத்ரிநாத் வழியிலுள்ள ஜோஷிமட் அப்படிப்பட்ட பழைய நிலச்சரிவுப் படிவின் மீது அமைந்த ஊர் என்று, அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-லேயே கூறியது. சரிவிலுள்ள பெரும்பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றக் கூடாது என்றும் அது எச்சரித்தது. 2023 ஜனவரியில் அந்த ஊரின் வீடுகளில் விரிசல்கள் பரவியபோது, கீழே ஆற்றோரமாகப் போடப்பட்டு வந்த ஹேலங்–மார்வாரி புறவழிச்சாலைப் பணி நிறுத்தப்பட்டது. ஊர் அமிழ்ந்ததற்கு அந்தச் சாலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வடிகால் இல்லாத கழிவுநீர், கட்டடச் சுமை, ஆற்றின் அடியரிப்பு, அருகிலுள்ள சுரங்கப்பாதைப் பணி என்று பலவும் பேசப்பட்டன. ஆனால் குழு எதைத் தொடக்கூடாது என்றதோ, அந்தப் படிவின் அடிப்பகுதியில் வெட்டு விழுந்தது என்பது கவனிக்க வேண்டியது.

அடுத்தது தண்ணீர். மழைநீர் நிலத்துக்குள் இறங்கி நுண்துளைகளில் அழுத்தத்தை ஏற்றும்போது துகள்களுக்கு இடையிலான உராய்வு குறைகிறது. சரிவுகள் மழையின்போதும் மழை விட்ட சில மணி நேரத்திலும் இறங்குவது அதனால்தான். வெட்டு இதை இரண்டு வகையில் மோசமாக்குகிறது. நிலத்தடியில் மெதுவாகக் கசிந்து கீழே போய்க்கொண்டிருந்த நீரோட்டத்தை அது குறுக்கே அறுக்கிறது. நீர் இப்போது வெட்டுமுகத்திலேயே வெளியே வந்து, நுண்மண்ணை அடித்துக்கொண்டு போய், உள்ளே பொந்து உண்டாக்குகிறது. கீழேயுள்ள ஊற்றுகளில் சில வறண்டும் போகின்றன. இன்னொரு பக்கம், அகன்ற தார்ப்பரப்பு மழைநீரை உறிஞ்சாமல் திரட்டி ஓரிடத்தில் கொட்டுகிறது. பழைய ஒற்றைவழிச் சாலைக்குக் கட்டிய மதகுகளை அப்படியே நீட்டிவிட்டு மேற்பரப்பை மட்டும் இரட்டிப்பாக்கினால், ஓடை மதகைத் தாண்டிச் சாலை மீது ஓடி, எங்கே விளிம்பு தாழ்ந்திருக்கிறதோ அங்கே பள்ளத்தில் குதிக்கும். அந்த இடத்தில் சாலையின் வெளிப்பாதி அடுத்த மழையில் காணாமல் போவதை மலைவாசிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இது இன்னும் கொடுமை: கீழ் வளைவுக்காக வெட்டிய முகத்தின் உச்சியில் நிற்பது மேல் வளைவின் தாங்குசுவர், மேல் வளைவின் வடிகால் கொட்டுவது கீழ் வளைவின் வெட்டுமுகத்தில்.

வெட்டிய மண் எங்கே போகிறது என்பதற்கு இவ்விவாதத்தில் உரிய இடம் கிடைப்பதில்லை. மேலே சொன்ன 45 பாகை எடுத்துக்காட்டில் 6 மீட்டரை 12 மீட்டராக்கினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 74,000 கன மீட்டர் வெளியே வருகிறது. ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர் என்றாலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட லோடு; உடைத்த பாறை உப்பிக்கொள்ளும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ஒப்பந்தத்தில் இதற்கென்று கொட்டுமிடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அங்கே கொண்டுபோக டீசலும் நேரமும் வேண்டும். விளிம்பில் தள்ளிவிட எதுவும் வேண்டாம். தள்ளிய மண், சாலைக்குக் கீழேயுள்ள சரிவின் மீது கூடுதல் சுமையாக உட்காருகிறது, மரங்களை மூடுகிறது, ஓடைகளை அடைக்கிறது, மழையில் சேறாக ஓடி ஆற்றின் போக்கை எதிர்க்கரைக்குத் திருப்புகிறது. திரும்பிய ஆறு எதிர்க்கரையின் அடியை அரிக்கும்போது, சாலையே இல்லாத அந்தக் கரையிலும் சரிவு வரலாம். அதை யாரும் சாலையின் கணக்கில் எழுதுவதில்லை.

இன்னொரு சிக்கல் காலம். வெட்டிய அன்றே இறங்கும் சரிவு உண்டு. பல சரிவுகள் ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்தோ, இன்னும் தள்ளியோ வருகின்றன. பக்கவாட்டு அழுத்தம் நீங்கியதும் மேலேயுள்ள நிலம் சற்றே தளர்ந்து, உச்சியில் மயிரிழை விரிசல்கள் விடுகின்றன. அவற்றில் ஒவ்வொரு மழையிலும் நீர் இறங்குகிறது. வெட்டியபோது செத்த மரங்களின் வேர்கள் சில ஆண்டுகளில் மக்கி, பிடிப்பை இழக்கின்றன. சாலை திறப்பு விழா முடிந்து, ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலமும் முடியும் தறுவாயில் மலை இறங்கத் தொடங்குவது தற்செயல் என்று சொல்ல முடியாது.

இப்போது சார் தாம் திட்டத்துக்கு வருவோம். 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட, சுமார் 889 கிலோமீட்டர் நீளமும் சுமார் 12,000 கோடி ரூபாய் மதிப்பும் கொண்ட இத்திட்டம், யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய தலங்களுக்குச் செல்லும் சாலைகளையும், கைலாச யாத்திரைக்கான தனக்பூர்–பித்தோராகட் சாலையையும் அகலப்படுத்துவது. பணி 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 100 கிலோமீட்டருக்குக் குறைவு என்பதால் முழுத் திட்டத்துக்குமான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படாமல் போயிற்று. சட்டப்படி அது செல்லுபடியாகலாம். ஆனால் மலையும் ஆறும் 53 துண்டுகளாக இல்லை. ஒரு துண்டில் தள்ளிய மண் அடுத்த துண்டின் ஆற்றங்கரையில்தான் படியும்.

கவனிக்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. 2018 மார்ச்சில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மலைப்பகுதியில் அதிக அகலத்துக்காகச் செங்குத்தாக வெட்டுவது சரிவுகளின் நிலையைக் குலைக்கிறது, மேலேயுள்ள சாலைகளையும் கட்டுமானங்களையும் பாதிக்கிறது, மரங்களும் பெருமளவில் போகின்றன என்ற காரணங்களைக் கூறி, தார்ப்பரப்பின் அகலத்தை 5.5 மீட்டராக வைத்துக்கொள்ளலாம் என்றது. அதாவது இந்த வாதத்தின் மையக்கருத்து சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கண்டுபிடிப்பு மட்டும் அன்று. சாலை போடுகிறவர்களே எழுதிவைத்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த ரவி சோப்ரா தலைமையிலான உயர்நிலைக் குழு 2020-ல் அகலம் பற்றிய கேள்வியில் இரண்டாகப் பிரிந்தது. தலைவர் உள்ளிட்ட சிறுபான்மையினர் 5.5 மீட்டரை ஆதரித்தனர், பெரும்பான்மையினர் இருவழிச் சாலையை ஆதரித்தனர். 2020 செப்டம்பர் 8 அன்று நீதிமன்றம் 5.5 மீட்டர் என்று ஆணையிட்டது. அதன்பின் பாதுகாப்பு அமைச்சகம் எல்லைத் தேவையை முன்வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுற்றறிக்கை திருத்தப்பட்டது. 2021 டிசம்பர் 14 அன்று ரிஷிகேஷ்–மானா, ரிஷிகேஷ்–கங்கோத்ரி, தனக்பூர்–பித்தோராகட் ஆகிய மூன்று சாலைகளில் வண்டிகள் ஓடும் 7 மீட்டர் பரப்பும் இருபுறமும் 1.5 மீட்டர் தார் ஓரமும் கொண்ட 10 மீட்டர் அமைப்புக்கு நீதிமன்றம் அனுமதி வழங்கி, கண்காணிப்புக்கு முன்னாள் நீதிபதி ஏ. கே. சிக்ரி தலைமையில் குழு அமைத்தது.

இராணுவத் தேவையை இலேசாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. சீன எல்லைக்குக் கனரக வாகனங்கள் போக வேண்டும் என்பது உண்மையான தேவை. ஆனால் அந்தத் தேவையை அளக்கும் அலகு அகலம்தானா என்று கேட்க வேண்டும். ஆண்டில் எத்தனை நாள் சாலை தடையின்றித் திறந்திருக்கிறது என்பதே படைநகர்வுக்கு முதல் கேள்வி. ஓரிடத்தில் மலை இறங்கிவிட்டால், மீதி 200 கிலோமீட்டரும் 10 மீட்டர் அகலத்தில் இருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

களத்திலிருந்து கிடைத்த சான்று என்ன? ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2024-ல் வெளியான ஆய்வு, 2022 செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் கனமழைக்குப் பின் ரிஷிகேஷ்–ஜோஷிமட் இடையிலான 247 கிலோமீட்டரில் சாலையை முழுமையாகவோ பகுதியாகவோ மறித்த 309 சரிவுகளைக் கணக்கிட்டது. கிலோமீட்டருக்கு ஒன்றுக்கு மேல். இந்த எண்ணை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். சாலையோரத்தில் எண்ணினால் சாலையோரச் சரிவுகளே அகப்படும் என்பது ஒன்று. அந்த ஆண்டின் மழை வழக்கத்துக்கு மாறானது என்பது மற்றொன்று. பாறை வகை, மலைச் சாய்வு, மழை ஆகியவற்றின் பங்கையும் அந்த ஆய்வு பேசுகிறது. இவற்றையெல்லாம் கழித்த பின்னும் வெட்டுமுகத்தில் தொடங்கும் ஆழமற்ற, சிறிய சரிவுகளின் அடர்த்தி விளக்கம் கேட்கிறது; மேலே விவரித்த இயக்கம் அதற்குப் பொருத்தமான விளக்கம். இதற்கு மாறாக, கேதார்நாத்தில் 2013-ல் நிகழ்ந்தது போன்ற பெருவெள்ளத்தையோ உச்சியிலிருந்து இறங்கும் பெரும் பாறைச்சரிவையோ கீழே போடும் சாலையின் தலையில் கட்டுவது அறிவியலுக்குப் பொருந்தாது. அகலப்படுத்தலால் பெருகுவது முதன்மையாகச் சாலையை ஒட்டிய சரிவுகள். யாத்திரிகர்களின் வண்டிகள் மீது விழுவதும் அவைதான்.

சரிசெய்ய வழியில்லையா என்றால், உண்டு. பாறையில் இரும்புத் தண்டுகளைத் துளைத்து இறுக்குவது, மண்சரிவில் ஆணி போலக் கம்பிகளைச் செருகுவது, கம்பிவலை போர்த்துவது, ஷாட்கிரீட் என்ற கான்கிரீட் கலவையைத் தெளிப்பது, கற்களை அடைத்த கேபியன் கூடைகளை அடுக்குவது, நீரை வெளியே இழுக்கக் கிடைமட்டத் துளைகள் இடுவது, புல்லும் புதரும் வளர்ப்பது என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. இவற்றில் மலிவானதும் பலன் மிக்கதும் வடிகால்தான், அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. நீர் வெளியேறத் துளை விடாமல் ஷாட்கிரீட் பூசிய முகம், உள்ளே நீரழுத்தத்தைத் தேக்கிவைத்து ஒருநாள் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து விழும். எந்த முறையானாலும், மேலிருந்து கீழாக, ஐந்தாறு மீட்டர் வெட்டி, அதைப் பாதுகாத்துவிட்டு அடுத்த படிக்கு இறங்க வேண்டும் என்பது பாடநூல் விதி. முழு மலையையும் கோடையில் வெட்டித் திறந்துவிட்டு, சுவருக்கான டெண்டரை மழைக்குப் பின் பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்ட இடத்தில் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

செலவையும் பார்க்க வேண்டும். பத்ரிநாத் அருகே லம்பாகட் என்ற இடத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சாலையை அடைத்துவந்த சரிவுப் பகுதிக்கு 2021-ல் நிரந்தரத் தீர்வு கட்டிமுடிக்கப்பட்டது: சுமார் 500 மீட்டர் நீளம், சுமார் 107 கோடி ரூபாய். முழுத் திட்டத்தின் சராசரிச் செலவு கிலோமீட்டருக்கு 13 அல்லது 14 கோடி. ஒரு மலைமுகம் முழுச் சரிவாக முற்றிய பின் அதைக் கட்டிநிறுத்த ஆகும் செலவு, கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், சாலை போடும் செலவைப்போல் ஏறத்தாழ பதினைந்து மடங்கு. மலையைத் தொடாமல் பாலமாகவோ சுரங்கமாகவோ போவதற்கான செலவை இந்தத் தொகையோடு ஒப்பிட வேண்டும். வெறும் வெட்டுக்கூலியோடு ஒப்பிடக் கூடாது. சுரங்கமும் ஆபத்தற்றதல்ல: இதே திட்டத்தின் சில்க்யாரா சுரங்கம் 2023 நவம்பர் 12 அன்று இடிந்து, 41 தொழிலாளர்கள் 17-ஆம் நாளில்தான் மீட்கப்பட்டார்கள். ஆனால் சுரங்கத்தின் ஆபத்து பெரும்பாலும் கட்டும் காலத்தோடு சேர்ந்தது. வெட்டுமுகத்தின் ஆபத்து ஒவ்வொரு மழையிலும் திரும்ப வருவது.

நம் பக்கத்து மலைகளுக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்கக் கூடாது. நீலகிரி பழைய, உறுதியான சார்னோகைட் பாறை. ஆனால் அதன் மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகச் சிதைந்த போர்வை. அங்கே சிக்கல் பாறை விரிசலைவிட, நீரில் ஊறி வலிமை இழக்கும் அந்த மண். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் பதிவான 820 மில்லிமீட்டர் மழையின்போது மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் நிலம் இறங்கியது. வெட்டாத சரிவுகளும் அந்த மழையைத் தாங்கியிருக்காது. மேற்குத் தொடர்ச்சியிலேயே வட கன்னட மாவட்டத்தின் ஷிரூரில் 2024 ஜூலை 16 அன்று தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டி இறங்கிய சரிவோ வேறு வகை: நான்குவழிச் சாலைக்காக அடி வெட்டப்பட்ட குன்று, தேநீர்க் கடையையும் நின்றிருந்த லாரிகளையும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. இறந்தவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓட்டுநர்களும் உண்டு.

ஆகவே என் பதில் இப்படி அமையும். ஒரு சாலை முழுவதற்கும் ஒரே அகலம் என்று டெல்லியில் முடிவு செய்வதுதான் பிழையின் தொடக்கம். உறுதியான பாறையும் மிதமான சாய்வும் உள்ள இடத்தில் 10 மீட்டர் வரட்டும். பழைய சரிவுப் படிவிலும், அடுக்குகள் ஆற்றை நோக்கிச் சாயும் முகத்திலும் 5.5 மீட்டரோடு நிறுத்தி, எதிர்வரும் வண்டி ஒதுங்க இடையிடையே இடங்கள் கட்டலாம். அதற்கும் ஆகாத இடத்தில் பள்ளத்துப்பக்கம் தூண் எழுப்பலாம், அல்லது எதிர்க்கரைக்குப் பாலம் போட்டு மாறலாம். இதற்கு நூறு மீட்டருக்கு ஒருமுறையாவது சாய்வு, பாறை, நீர் ஆகியவற்றின் குறிப்போடு கூடிய நிலவியல் வரைபடம், டெண்டர் விடும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டிமுடித்த முகங்களுக்குச் செய்யக்கூடியதும் இருக்கிறது. முகத்தின் உச்சிக்கு ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் ஒருவர் ஏறி, புது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, விட்டிருந்தால் களிமண்ணால் அடைத்து, மேல்வடிகாலைத் தூர்வாரிவிட்டு வர வேண்டும். இதற்கு இரண்டு ஆட்கூலிதான் ஆகும். ஆனால் எந்த ஒப்பந்தத்தின் எந்த வரியிலும் அந்தக் கூலி எழுதப்படுவதில்லை.